கம்பெனி டெக்சாஸுக்கு மாறியது, நான் ஒயர்மேன் ஆனேன்

"நம்ம ஆபீஸ் டெக்சாஸுக்குப் போகுதாம்." 2018 மார்ச்சில் ஒரு மதியம் மனைவி போனில் சொன்ன முதல் வாக்கியம் இது. அடுத்தது, "நீங்க கோபப்படாதீங்க."

கோபப்பட எனக்கு அங்கே பெரிதாக எதுவும் இல்லை. லாஸ் ஏஞ்சலீஸுக்குத் தெற்கே ஒரு கடையின் கிடங்கில் பகுதி நேரமாகப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். ஊரில் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்து, நூற்பாலையில் ஒன்பது வருடம் மெயின்டனன்ஸ் பார்த்தவன். மனைவிக்கு எச்1பி என்ற வேலை விசா, எனக்கு அவளுடைய கணவன் என்ற முறையில் எச்4. 2015-ல் எச்4-ல் இருப்பவர்களில் ஒரு பகுதியினருக்கு, அதாவது துணைவருக்கு கிரீன் கார்டுக்காக முதலாளி போடும் ஐ-140 மனு தேறியிருந்தால், வேலை அனுமதி அட்டை கொடுக்க ஆரம்பித்தார்கள். எனக்கும் அந்த அட்டை கிடைத்தது. அதை வைத்து எந்த வேலைக்கும் போகலாம். எந்த வேலைக்குப் போவது என்பதுதான் தெரியவில்லை.

கம்பெனியின் பெயர் வேண்டாம். காப்பீட்டு நிறுவனங்களுக்கு மென்பொருள் செய்கிற நடுத்தர நிறுவனம். டல்லஸுக்கு வடக்கே பிளேனோ பக்கம் புது அலுவலகம். 60 நாளில் முடிவு சொல்ல வேண்டும். வீடு மாற்றும் செலவு அவர்களுடையது. வர முடியாது என்றால் சில வாரச் சம்பளம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். விசாவில் இருப்பவர்களுக்கு இது கேள்வியே இல்லை. அந்த ஜூலையிலேயே பெட்டி கட்டினோம்.

ஏன் மாறுகிறோம் என்று ஊழியர் கூட்டத்தில் தலைவர் அரை மணி நேரம் பேசினாராம். "வளர்ச்சி" என்ற சொல்லைத் தவிர மனைவிக்கு எதுவும் நினைவில் இல்லை. உண்மையான காரணங்கள் எங்களுக்குத் துண்டு துண்டாகத்தான் தெரிய வந்தன. முதல் துண்டு அவளுடைய சம்பளச் சீட்டில் இருந்தது. கலிஃபோர்னியாவில் மாநில வருமான வரி என்று ஒரு வரி இருக்கும். டெக்சாஸில் அந்த வரியே கிடையாது. கலிஃபோர்னியாவின் உச்ச விகிதம் 13.3 சதவீதம். நம்மைப் போன்றவர்கள் அந்த உயரத்துக்குப் போவதில்லை, ஆனால் கம்பெனி எங்கே இருக்க வேண்டும் என்று முடிவெடுக்கிற நாற்காலிகளில் இருப்பவர்கள் போகிறார்கள். இது யாரும் மேடையில் சொல்லாத காரணம். 2019-ல் டெக்சாஸ் வாக்காளர்கள் தனிநபர் வருமான வரியை அரசியல் சட்டத் திருத்தம் மூலமாகவே தடுத்துவிட்டார்கள். ஆகவே நாளைக்கு மாறிவிடுமோ என்ற பயமும் இல்லை.

கம்பெனிக்கு வரியே இல்லை என்று நம் ஆட்கள் வாட்ஸ்அப்பில் எழுதுவார்கள். அது தப்பு. ஃபிரான்சைஸ் வரி என்று ஒன்று இருக்கிறது. பெரும்பாலான தொழில்களுக்கு 0.75 சதவீதம், வருமானத்தில் சில செலவுகளைக் கழித்த மீதியின் மேல்.

இரண்டாவது துண்டு விமான நிலையம். டல்லஸ் ஃபோர்ட் வொர்த் விமான நிலையத்தின் நிலப்பரப்பு நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவைவிடப் பெரியது. அங்கிருந்து கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் ஏறக்குறைய ஒரே தூரம். காலையில் போய் வாடிக்கையாளரைப் பார்த்துவிட்டு ராத்திரி வீட்டுக்கு வந்துவிடலாம். மூன்றாவது, இடம். பிளேனோ, ஃபிரிஸ்கோ, அலன், மெக்கின்னி என்று வடக்கே போகப் போக அப்போது மாடு மேய்கிற வெளிதான். ஒரு வெளிக்குப் பலகை நட்டால் ஒன்றரை வருடத்தில் கட்டடம் நிற்கும். ஒரு கட்டடத்துக்கு அனுமதி வாங்குவதற்குள் கலிஃபோர்னியாவில் பிள்ளை பள்ளிக்கூடம் சேர்ந்துவிடும் என்று அங்கே ஒரு காண்டிராக்டர் சொன்னது நினைவிருக்கிறது, கொஞ்சம் மிகைதான்.

அப்புறம் சலுகைகள். டெக்சாஸ் எண்டர்பிரைஸ் ஃபண்ட் என்ற நிதியை மாநிலம் 2003-லிருந்து வைத்திருக்கிறது. வேறு மாநிலத்தோடு போட்டி இருக்கிற திட்டங்களுக்கு அதிலிருந்து பணம் போகும். நகரங்கள் தங்கள் பங்குக்குச் சொத்து வரியைப் பத்து வருடம் வரை தள்ளுபடி செய்யலாம். டொயோட்டா 2014-ல் அறிவித்து 2017-ல் பிளேனோவில் தலைமையகம் திறந்தபோது கலிஃபோர்னியாவின் டோரன்ஸ், கென்டக்கியின் எர்லாங்கர் என்று சிதறிக் கிடந்ததையெல்லாம் ஒரே இடத்தில் குவித்தது. அதைப் பார்த்துத்தான் எங்கள் கம்பெனி போன்ற சின்ன மீன்கள் பின்னாலேயே வந்தன என்பது என் அனுமானம். ஒரு பெரிய கம்பெனி வந்தால் அதற்குச் சேவை செய்கிறவர்கள், அவர்களுக்குச் சேவை செய்கிறவர்கள் என்று ஒரு வால் நீளும்.

ஆனால் ஒன்று. "தலைமையகம் மாறுகிறது" என்ற செய்தி எல்லாமே ஒரே எடை கிடையாது. மென்பொருள் நிறுவனமான ஆரக்கிள் 2020-ல் தலைமையகம் டெக்சாஸின் ஆஸ்டின் என்றது; 2024-ல் டென்னசி மாநிலத்து நாஷ்வில் என்றது. விலாசம் மாறுவதற்குக் காகிதம் போதும். டெஸ்லாவும் 2021-ல் ஆஸ்டினுக்கு விலாசம் மாற்றியது, ஆனால் அதோடு ஒரு தொழிற்சாலையும் எழும்பியது. கைவேலை தேடுகிறவன் பார்க்க வேண்டியது கான்கிரீட் ஊற்றுகிறார்களா என்பதைத்தான். கிரேன் தெரிந்தால் அங்கே வேலை இருக்கிறது.

இது எனக்கு ஒரு ஏசி ரிப்பேர்காரர் சொல்லித்தான் தெரியும்.

2019 ஜூலை. மெக்கின்னியில் வீடு வாங்கி நான்கு மாதம் ஆகியிருந்தது. வெளியே 100 டிகிரி பாரன்ஹீட், ஏசி நின்றுவிட்டது. வந்தவர் வெளி யூனிட்டின் மூடியைக் கழற்றினார். தகர டப்பா போல இருந்த கெபாசிட்டரின் தலை உப்பியிருந்தது. மில்லில் இருக்கும்போது நான் நூறு மாற்றியிருப்பேன். அவர் இருபது நிமிடத்தில் மாற்றிவிட்டு 280 டாலருக்கு ரசீது நீட்டினார். நான் அந்த ரசீதைப் பார்த்த விதத்தை வைத்தே, "உனக்கு இந்த வேலை தெரியும் போலிருக்கிறதே" என்றார். தெரியும் என்றேன். "அப்புறம் ஏன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாய்? ஏசிக்கு வா, இல்லையென்றால் எலக்ட்ரிகலுக்குப் போ. அங்கே இன்னும் ஆள் வேண்டும்" என்று சொல்லித் தெருமுனையில் தெரிந்த கிரேனைக் காட்டினார்.

அன்று ராத்திரியே தேடினேன். டெக்சாஸில் எலக்ட்ரீஷியன் உரிமம் டிடிஎல்ஆர் என்ற மாநிலத் துறையிடம் இருக்கிறது. அப்ரெண்டிஸ், அதாவது வேலை பழகுகிறவன், ஆகப் பதிவு செய்ய 20 டாலர். பரீட்சை இல்லை. அங்கிருந்து ஏணி இப்படிப் போகிறது: மாஸ்டர் எலக்ட்ரீஷியன் ஒருவரின் மேற்பார்வையில் 8,000 மணி நேரம் வேலை செய்தால் ஜர்னிமேன், அதாவது முழு உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன். 7,000 முடிந்ததுமே பரீட்சை எழுதலாம், உரிமம் மட்டும் 8,000-க்கு அப்புறம். 12,000 மணி நேரமும், ஜர்னிமேனாக இரண்டு வருடமும் ஆனால் மாஸ்டர் பரீட்சை. வீடுகளில் மட்டும் வேலை செய்கிற உரிமத்துக்கு 4,000 போதும். நான்கு வருடத்துக்கு ஒருவன் சம்பளம் வாங்கிக்கொண்டே படிக்கலாம் என்பது எனக்குப் புதிதாக இருந்தது. இங்கே கம்ப்யூட்டர் படிக்க வருகிறவர்கள் எவ்வளவு கடனோடு வெளியே வருகிறார்கள் என்று நமக்குத் தெரியும்.

அப்பாவிடம் சொன்னேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "ஏன்டா, டிப்ளமோ படிச்சிட்டு அமெரிக்கா போய் ஒயர்மேன் வேலையா?" என்றார். மாமியார் நேரடியாக எதுவும் கேட்கவில்லை, மகளிடம் மட்டும் "மாப்பிள்ளைக்கு உடம்பு தாங்குமா" என்று விசாரித்தார். தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் முதல் இரண்டு வருடம் "எலக்ட்ரிகல் லைன்ல இருக்கேன்" என்று சொல்லி சர்க்கரைப் பொங்கல் பக்கம் நகர்ந்துவிடுவேன்.

இந்திய டிப்ளமோவைப் பார்த்த முதல் காண்டிராக்டர், "நல்லது, ஆனால் முதல் நாளிலிருந்துதான் ஆரம்பம்" என்றார். மணிக்கு 16 டாலர். எனக்கு வயது 39. கூட இருந்த அப்ரெண்டிஸுக்கு 19.

அங்கேதான் மூன்று தப்புகளை ஒரே இடத்தில் செய்தேன்.

முதல் தப்பு, சம்பளம் எந்தக் கணக்கில் வருகிறது என்று கேட்காதது. என்னை ஊழியராகக் காட்டி டபிள்யூ-2 கொடுக்காமல், சுயதொழில் செய்கிறவன்போலக் காட்டி 1099 படிவம் கொடுத்துவிட்டார்கள். வரிக் காலத்தில்தான் புரிந்தது: சோஷியல் செக்யூரிட்டி என்ற ஓய்வூதியம், மெடிகேர் என்ற முதியோர் மருத்துவக் காப்பீடு இரண்டுக்கும் முதலாளி கட்ட வேண்டிய பாதியையும் சேர்த்து 15.3 சதவீதம் என் தலையில். அவர் சொல்கிற நேரத்துக்கு வந்து, அவர் சொல்கிற இடத்தில் துளை போடுகிறவன் எப்படிச் சுயதொழில்காரன்? ஆனால் அன்றைக்கு எனக்கு இதைக் கேட்கத் தெரியவில்லை.

இரண்டாவது, காயம் பட்டால் யார் பார்ப்பார்கள் என்று கேட்காதது. தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் டெக்சாஸில் தனியார் முதலாளிகளுக்குக் கிடையாது. வேண்டாம் என்று ஒதுங்கிக்கொள்ளலாம். கம்பெனிகளை இங்கே இழுக்கிற காரணங்களின் பட்டியலில் இதுவும் ஓரமாக இருக்கும் என்று நினைக்கிறேன். கூட வேலை செய்த ஒருவர் எட்டடி ஏணியிலிருந்து சரிந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அவசர சிகிச்சை பில் அவருடைய வீட்டுக்குத்தான் வந்தது. இப்போது நான் நேர்காணலில் கேட்கிற இரண்டாவது கேள்வி இதுதான். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கோபித்துக்கொண்டால் அதுவே பதில்.

மூன்றாவது தப்புதான் அதிகம் வலித்தது. நான் உழைத்த மணி நேரங்களுக்கு, மேற்பார்வை பார்த்த மாஸ்டர் எலக்ட்ரீஷியன் ஒரு சான்றுப் படிவத்தில் தன் உரிம எண்ணோடு கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் படிவம்தான் மூலதனம். 2020 மார்ச்சில் தொற்று வந்து வேலை நின்றபோது படிவத்தைக் கொண்டுபோனேன். அந்த மாஸ்டர் ஏற்கெனவே விலகிப் போயிருந்தார். அலுவலகத்தில் "பார்க்கலாம்" என்றார்கள். அந்தப் பார்க்கலாம் இன்றுவரை நடக்கவில்லை. ஏறக்குறைய 1,100 மணி நேரம் கணக்கில் வராமல் போனது. ஏழு மாதம் கூரை இடுக்கில் தவழ்ந்தது சும்மா.

ஆகவே இதைப் படிக்கிறவர்களில் ஒருவராவது இந்தத் தொழிலுக்குப் போகப் போகிறவர் என்றால்: வருடா வருடம் கையெழுத்து வாங்குங்கள். கம்பெனியை விட்டுப் போகும் கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள், அந்த நாளில் யாருக்கும் உங்கள் மேல் பிரியம் இருக்காது. சம்பளச் சீட்டு ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள். எந்த சைட், எந்த மாஸ்டர், எத்தனை மணி என்று ஒரு சின்ன நோட்டில் எழுதி வையுங்கள். அப்ரெண்டிஸ் பதிவை வருடம் ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பதிவு பெற்ற பயிற்சித் திட்டத்தில் சேர்ந்திருந்தால் தவிர, அதற்கு 4 மணி நேர வகுப்பும் உண்டு. அதைத் தவறவிட்டு வேலையை நிறுத்திக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மே மாதம் இரண்டாவது கம்பெனியில் சேர்ந்தேன். டெக்சாஸில் கட்டட வேலையை அத்தியாவசியப் பணியாக வைத்திருந்ததால் தொற்றுக் காலத்திலும் சைட்டுகள் ஓடின. இங்கே டபிள்யூ-2, காப்பீடு, வாரத்தில் இரண்டு மாலை வகுப்பு எல்லாம் இருந்தது. ஃபோர்மேன் மெக்சிகோவிலிருந்து வந்த ஐம்பத்தெட்டு வயதுக்காரர். குறைவாகப் பேசுவார்.

முதல் வாரமே அவர் என் உயிரைக் காப்பாற்றினார் என்று சொன்னால் நாடகமாக இருக்கும், ஆனால் நடந்தது இதுதான். அலுவலகம் ஒன்றின் கூரைக்கு மேல் ஜங்ஷன் பாக்ஸைத் திறந்திருந்தேன். கறுப்பு ஒயர் ஒன்று தொப்பி கழன்று தொங்கியது. நம் ஊரில் நான் கை வைத்த லைன்களில் சிவப்பு, மஞ்சள், நீலம்தான் பேஸ், கறுப்பு நியூட்ரல். பதினைந்து வருடமாக என் விரல்களுக்கு அதுதான் பாடம். இங்கே கறுப்பு பேஸ், வெள்ளை நியூட்ரல். தலைக்கு அது தெரியும். கைக்குத் தெரியவில்லை. விரல் நீண்டபோது அவர் பின்னாலிருந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்து ஒயரின் பக்கம் கொண்டுபோனார். அது கத்தியது. பிரேக்கரை அணைத்துவிட்டதாகத்தான் நான் நினைத்திருந்தேன். அணைத்தது பக்கத்து பிரேக்கர். அவர் திட்டவில்லை. டெஸ்டரை என் கையில் வைத்து, என் விரல்களை மூடிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

பழைய அனுபவத்தோடு வருகிறவர்களுக்கு இது முக்கியம். நம் மில் அனுபவம் உதவும், ஆனால் முதல் ஆறு மாதம் அதுவே எதிரியும்கூட. வீடுகளில் 120 வோல்ட். பெரிய கட்டடங்களில் விளக்குகளுக்கு 277 வோல்ட், அங்கே வழக்கமாக பிரவுன், ஆரஞ்சு, மஞ்சள், நியூட்ரல் சாம்பல். சதுர மில்லிமீட்டர் கிடையாது, கேஜ் எண்தான். எண் கூடினால் ஒயர் மெலியும். எல்லாம் அங்குலம், அடி. மறுபடி சின்னப் பிள்ளை.

பைப் வளைக்கிற வேலையில்தான் டிப்ளமோ கைகொடுத்தது. ஒயர் உள்ளே போகிற மெல்லிய இரும்பு பைப்பை, அதாவது கான்டூட்டை, ஒரு தடையைத் தாண்டிக் கொண்டுபோக இரண்டு வளைவு போட வேண்டும், அதற்கு ஆஃப்செட் என்று பெயர். நான்கு அங்குலம் ஒதுங்க வேண்டும், 30 டிகிரியில் வளைக்கிறோம் என்றால் இரண்டு குறிகளுக்கும் நடுவே எட்டு அங்குலம். இரண்டால் பெருக்கு, அவ்வளவுதான் என்று கற்றுக்கொடுத்தார்கள். ஏன் இரண்டு என்று பத்தொன்பது வயதுப் பையன் கேட்டான். யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. கோசெக் 30 என்றேன். பத்தாம் வகுப்பில் அடிவாங்கி மனப்பாடம் செய்தது, இருபத்து நான்கு வருடம் கழித்து ஒரு பைப்பில் வந்து உட்கார்ந்தது. 45 டிகிரிக்கு 1.4. அதையும் சொன்னேன். அன்றிலிருந்து அந்தப் பையன் கணக்கு வகுப்புக்கு என் பக்கத்தில் வந்து உட்காருவான்.

கணக்கு தெரிந்தால் போதாது என்பதும் அன்றே தெரிந்தது. நான் வளைத்த முதல் பைப்பை ஃபோர்மேன் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். இரண்டு வளைவும் ஒரே தளத்தில் இல்லாமல் முறுக்கிக்கொண்டிருந்தது. இதற்கு டாக் லெக் என்று பெயர், நாயின் பின்னங்கால். "கூரைக்கு மேலேதானே" என்று சொல்லி, போகட்டும் என்று விட்டுவிட்டார். அது மனைவியின் கம்பெனிக்கு மேல் மாடியில் அவர்களே கூடுதலாக எடுத்த தளம். வீட்டில் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது.

2021 பிப்ரவரியில் பனிப்புயல் வந்தது. டல்லஸில் மைனஸ் 19 டிகிரி செல்சியஸ் வரை போனது. டெக்சாஸின் பெரும்பகுதிக்குத் தனி மின்கட்டமைப்பு இருக்கிறது. பக்கத்து மாநிலங்களிலிருந்து பெரிய அளவில் இழுத்துக்கொள்ள வழியில்லை. லட்சக்கணக்கான வீடுகள் நாள் கணக்கில் இருளில் கிடந்தன. எங்களுக்கு மூன்று நாள். குழாய்கள் உறைந்து வெடித்தன. அந்த மாதம் ஒரு பிளம்பர் கிடைப்பது தெய்வ தரிசனம். வெளி மாநிலங்களிலிருந்தெல்லாம் பிளம்பர்கள் வந்தார்கள். மலிவு, வேகம் என்று கம்பெனிகள் தேடி வருகிற அதே ஏற்பாட்டின் இன்னொரு பக்கம் இது. எங்கள் மதில் பக்கத்துக் குழாயைச் சரிசெய்ய வந்தவர் ஒக்லஹோமாக்காரர். காபி கொடுத்தேன், இரண்டு கப் குடித்தார்.

அந்த வருடமே என் வேலை அனுமதி அட்டை புதுப்பிப்பு மாதக்கணக்கில் இழுத்தது. அட்டை காலாவதியானதும் ஐந்து மாதம் வீட்டில். ஃபோர்மேன் இடம் வைத்திருந்தார். எச்4-ல் இருப்பவர்கள் இந்தத் தொழிலுக்கு வருவதாக இருந்தால் இந்த இடைவெளியையும் கணக்கில் வையுங்கள்.

2022-ல் ஷெர்மன். டல்லஸிலிருந்து 75-ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே நூறு கிலோமீட்டர் போல. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் அந்த மே மாதம் அங்கே பூமிபூஜை போட்டது. நான்கு சிப் தொழிற்சாலைகள் வரை கட்டலாம், முதலீடு 3,000 கோடி டாலர் வரை போகலாம் என்பது திட்டம். அதற்கு முந்தைய நவம்பரில்தான் சாம்சங், ஆஸ்டின் பக்கம் டெய்லரில் 1,700 கோடி டாலர் என்று அறிவித்திருந்தது. ஒரு அலுவலகத் தளத்துக்கு எட்டு எலக்ட்ரீஷியன் போதும். சிப் தொழிற்சாலை அப்படியில்லை, அது ஊரையே விழுங்கும். எங்கள் கம்பெனிக்கும் அந்தப் பக்கம் துணைக் காண்டிராக்ட் கிடைத்தது. வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்குப் பத்து மணி நேரம். நாற்பதுக்கு மேல் ஒன்றரை மடங்கு. சிப் செய்கிற, தூசி கூடாத சுத்த அறைப் பகுதிக்குள் கொண்டுபோகும் பைப்பை ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்துவிட்டுத்தான் எடுத்துப்போக வேண்டும். என் வீட்டுப் பாத்திரம்கூட அவ்வளவு சுத்தம் கிடையாது. இழந்த 1,100 மணி நேரத்தை நான் ஈடுகட்டியது அங்கேதான்.

வெயிலைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பொய் சொன்னதாக ஆகும். ஜூலை, ஆகஸ்டில் கூரைத் தகட்டின் மேல் நிற்கும்போது நம் ஊர்க் கத்தரி வெயில் செல்லப்பிள்ளை. ஆஸ்டின் 2010-லும் டல்லஸ் 2015-லும், கட்டட வேலைக்காரர்களுக்கு நான்கு மணி நேரத்துக்குப் பத்து நிமிட ஓய்வு என்று விதி வைத்திருந்தன. 2023-ல் இப்படிப்பட்ட உள்ளூர் விதிகளை முடக்குகிற மாநிலச் சட்டம் வந்தது. தொழில் நடத்த எளிது என்ற புகழுக்கு இப்படியும் ஒரு அர்த்தம். நல்ல ஃபோர்மேன் சட்டம் இல்லாமலே "அகுவா" என்று கத்துவார். அகுவா என்றால் தண்ணீர். ஸ்பானிஷில் ஐம்பது சொல்லாவது கற்றுக்கொள்ளுங்கள். சைட்டில் பாதி நேரம் அதுதான் மொழி. "குய்தாதோ" என்று யாராவது கத்தினால் அர்த்தம் யோசிக்காமல் தலையைக் குனிய வேண்டும், ஜாக்கிரதை என்று பொருள்.

2023 கடைசியில் பரீட்சை. மின்வேலை விதிகள் அடங்கிய 'கோட்' புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம். கேட்க எளிதாக இருக்கிறது அல்லவா? அந்தப் புத்தகத்தில் எதை எங்கே தேடுவது என்று தெரியாவிட்டால் நேரம் ஓடிவிடும். வகுப்பில் வாத்தியார் செய்த நல்ல காரியம், பதில்களைச் சொல்லாமல் பக்கங்களைத் தேட வைத்தது. ஒயர் அளவு, பைப்புக்குள் எத்தனை ஒயர், மோட்டாருக்கு எந்த பிரேக்கர் என்ற கணக்குகளை ராத்திரி பதினொரு மணிக்குச் சமையல் மேடையில் போட்டுப் பார்ப்பேன். இரண்டாவது முறையில் தேறினேன். முதல் முறை ஏன் தவறியது என்றால், தன்னம்பிக்கை. 2024-ல் உரிமம் கைக்கு வந்தது, அந்த மாதமே மணிக்கு 34 டாலர்.

எலக்ட்ரிகல்தான் வேண்டும் என்பதில்லை. ஏசி வேலைக்கு டிடிஎல்ஆரிலேயே பதிவு செய்துகொள்ளலாம். குளிர்வாயுவைக் கையாளத் தனியாக இபிஏ என்ற மத்திய சுற்றுச்சூழல் துறையின் 608 சான்று வேண்டும், அது ஒரு தடவை வாங்கினால் ஆயுளுக்கும். பிளம்பருக்கு டிடிஎல்ஆர் இல்லை, தனி வாரியம். படித்துவிட்டு வர விரும்புகிறவர்களுக்கு டெக்சாஸ் ஸ்டேட் டெக்னிகல் காலேஜ் இருக்கிறது. 1965-ல் வேக்கோவில் ஆரம்பித்தது. எனக்கு அதில் பிடித்த விஷயம், அரசு நிதி எத்தனை பேர் வகுப்பில் உட்கார்ந்தார்கள் என்பதை வைத்து வருவதில்லை. படித்து முடித்தவர்கள் என்ன சம்பளம் வாங்குகிறார்கள் என்பதை வைத்து வருகிறது. எங்கள் பக்கத்தில் காலின் காலேஜ் 2020-ல் அலனில் தொழிற்பிரிவுகளுக்கென்றே ஒரு வளாகம் திறந்தது. கையில் காசு இல்லையென்றால் வகுப்புக்கு முன்னால் வேலைக்குப் போய்விடுங்கள் என்பதுதான் என் கட்சி. கைக்கருவிகள் நம்முடையவை, முதல் மாதம் எனக்கு 300 டாலர் பக்கம் ஆனது. ட்ரில்லும் பைப் வளைக்கிற பெண்டரும் கம்பெனி கொடுக்கும். பூட்ஸில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

வரிக் கதையை முடிக்கவில்லை. வருமான வரி இல்லை என்ற சந்தோஷம் எங்களுக்கு முதல் சொத்து வரி ரசீது வரும் வரைக்கும்தான். 3,10,000 டாலர் வீட்டுக்கு வருடம் 7,000 டாலர் சொச்சம். கடையில் விற்பனை வரி 8.25 சதவீதம். குடியிருக்கும் வீட்டுக்கு ஹோம்ஸ்டெட் விலக்கு என்று ஒன்று உண்டு, நாமாக விண்ணப்பித்தால்தான் கிடைக்கும். நாங்கள் முதல் வருடம் விட்டுவிட்டோம். 2023-ல் பள்ளி வரிக்கான அந்த விலக்கை 40,000 டாலரிலிருந்து ஒரு லட்சமாக உயர்த்தினார்கள். ஏப்ரல் வாக்கில் வருகிற மதிப்பீட்டு நோட்டீஸை எதிர்த்து மே 15-க்குள் மனுப் போடலாம். எங்கள் தெருவில் எல்லோரும் போடுகிறார்கள், தீபாவளிக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி.

மனைவியின் கம்பெனியில் இப்போது பாதிப் பேர் வீட்டிலிருந்தே வேலை. அன்றைக்குக் கூடுதலாக எடுத்த மேல் தளத்தைப் போன வருடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவளுக்குக் கொஞ்சம் பயம், ஆள் குறைப்பு வருமோ என்று. அந்தத் தளத்தை ஒரு பல் மருத்துவக் குழுமம் எடுத்திருக்கிறது. ஒரே ஹாலாக இருந்ததைப் பதினாறு அறைகளாகப் பிரிக்க வேண்டும், அறைக்கு அறை தனி சர்க்யூட். வேலை எங்கள் கம்பெனிக்கு வந்தது. போன மாதம் அந்த சைட்டுக்கு நான்தான் ஜர்னிமேன். அன்று கணக்கு கேட்ட பையனும் இப்போது ஜர்னிமேன், வேறு கம்பெனியில், ஆஸ்டினில். எனக்குக் கீழே புதிதாக ஒரு அப்ரெண்டிஸ், வயது 20.

ஃபால்ஸ் சீலிங் பலகையைத் தூக்கித் தலையை உள்ளே விட்டேன். டார்ச் வெளிச்சத்தில், குளிர்காற்றுக் குழாயைச் சுற்றி ஒரு பைப் நாயின் பின்னங்கால் மாதிரி திரும்பியிருந்தது. கிளாம்ப் எல்லாம் இறுக்கமாகவே இருந்தது.

"இதைப் பிரிச்சிடலாமா?" என்று கீழேயிருந்து அந்தப் பையன் கேட்டான்.

முதலில் டெஸ்டரை எடு என்றேன்.